அப்பாவின் நாடகத்துக்கு வந்த பதில்

பொதுமக்களிடமிருந்து ஒரு மனு வந்தால் அதை அன்றே பதிவேட்டில் ஏற்ற வேண்டும். குறை இருந்தால் மனுதாரருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். குறை இல்லையென்றால் உத்தரவு போட வேண்டும். எப்படியாயினும் பதில் என்று ஒன்று போக வேண்டும். அரசு அலுவலகத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் இருந்து, எனக்குக் கீழே வந்தவர்களிடம் இதைச் சலிக்காமல் சொன்னவள் நான். சொன்னதற்குக் காரணம் பணிப்பற்று என்று அவர்கள் நினைத்தார்கள். உண்மையில் அது ஒரு பழைய கோபம். என் அப்பாவின் நாடகத்துக்கு மட்டும் இந்த விதி நடக்கவில்லை என்ற கோபம்.

அப்பா அதை எழுதிய ஆண்டின் தை மாதம் எனக்குக் கார்பன் தாளின் மண்ணெண்ணெய் வாசனையாகத்தான் நினைவிருக்கிறது. அம்மாவின் வலது கை விரல்கள் ஒரு மாதம் ஊதா நிறத்தில் இருந்தன. ரசத்தில் கூட அந்த வாசனை வருவதாக அப்பா குறைப்பட்டுக்கொண்டார். அப்பா எழுதிய நாடகத்தை அம்மா இரண்டு பிரதியாக எழுதிக்கொண்டிருந்தார். நாடகம் போட வேண்டுமென்றால் முன்கூட்டியே பிரதியை அலுவலகத்தில் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும் என்பது அந்தக் காலத்து ஏற்பாடு. எங்கள் ஊருக்கு எல்லா அலுவலகமும் மாயவரத்தில்தான்.

அதுவரை எங்கள் ஊரில் பங்குனி உத்திரத்துக்குப் புராண நாடகம்தான். கும்பகோணத்துப் பக்கமிருந்து ஒரு குழு வரும். ராஜா வருவார், மந்திரி வருவார், மழை எவ்வளவு பெய்தது என்று விசாரிப்பார். ஊரிலேயே கிளை அஞ்சலகம் நடத்திக்கொண்டிருந்த அப்பாவுக்கு, மழையைப் பற்றி விசாரிக்க ராஜா எதற்கு என்று தோன்றியிருக்கிறது. வாய்க்கால் தலைமடையில் அண்ணன் நிலம், கடைமடையில் தம்பி நிலம், அண்ணன் மதகை அடைக்கிறான், தம்பியின் பயிர் காய்கிறது. இதுதான் கதை. ஊரே அறுவடை முடிந்து சும்மா இருந்த மாதம் என்பதால் நடிக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. மாயவரத்தில் வாடகைக்குக் கிடைத்த "சீன்" படுதாக்களில் அரண்மனை, தெரு, காடு மூன்றுதான் இருந்தன. மதகுக்குப் படுதா இல்லாததால் எங்கள் நாடகத்தில் மதகு காட்டுக்குள் இருந்தது. யாரும் ஆட்சேபிக்கவில்லை.

நடிகர்களுக்கு முழு நாடகத்தையும் கொடுக்கும் வழக்கம் இல்லை. அவரவர் பேச வேண்டிய வசனமும், அதற்கு முன்னால் பேசுகிறவரின் கடைசிச் சொல்லும் மட்டும் ஒரு தாளில் எழுதித் தரப்படும். அதற்கு "பாடம்" என்று பெயர். முழுக்கதை எழுதியவருக்குத்தான் தெரியும். முதல் இரண்டு அங்கங்களுக்குப் பாடம் வந்துவிட்டது. மூன்றாவது அங்கத்துக்கு வரவில்லை. கேட்டதற்கு அப்பா சொன்ன பதில்: இரண்டு பிரதி வேண்டும் என்றார்கள், இரண்டையும் கொடுத்துவிட்டேன், கையில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை, அனுமதியோடு ஒரு பிரதி திரும்பி வரும், வந்ததும் பாடம் எழுதித் தருகிறேன்.

காலை பதினோரு மணிக்கு மாயவரம் பஸ்ஸில் தபால் பை வரும். அஞ்சலகம் எங்கள் வீட்டு முன்னறைதான். அண்ணனாக நடித்த பக்கிரிசாமி, தம்பியாக நடித்த ஜெயபால், ஆர்மோனியம் வாசித்த துணிக்கடை காதர் பாய் மூவரும் பைக்கு முன்னதாகவே வந்துவிடுவார்கள்.

"வந்துச்சா சார்?"

"வரல."

"ஆபீஸ்ல படிச்சு ரசிச்சுக்கிட்டு இருக்கானுங்களோ என்னமோ" என்பார் காதர் பாய். "முடிவு நல்லாயிருந்தா அவனுங்களே நடிச்சிடப் போறானுங்க."

பங்குனி பிறந்தது. பதில் பிறக்கவில்லை. நோட்டீஸ் அடித்தாகிவிட்டது, "கதை வசனம்" என்று போட்டு அப்பாவின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. நாடகம் நின்றால் மறு வருஷம் ராஜாவும் மந்திரியும் திரும்பி வந்துவிடுவார்கள். அப்பா தபால்காரராகவே மிஞ்சுவார். நாடகத்துக்கு மூன்று வாரம் இருக்கையில் ஒரு சாயங்காலம் அப்பா எல்லோரையும் களத்தில் உட்காரவைத்து, மூன்றாம் அங்கம் வரும்போது வரட்டும், அவரவர் பாத்திரம் என்ன செய்யும் என்று அவரவரே சொல்லுங்கள் என்றார்.

"மதவ நான் தொறக்க மாட்டேன்" என்றார் பக்கிரிசாமி முதலிலேயே. நிஜத்திலும் அவருக்குத் தலைமடையில்தான் நிலம். "மேடையில தொறந்தா நாளைக்கு வயல்லயும் தொறன்னு வந்து நிப்பானுங்க."

"அண்ணே, இது நாடகந்தாண்ணே" என்றார் ஜெயபால்.

"உனக்கு நாடகம். எனக்கு ஆறு மா நெலம்."

"அப்ப நான் காஞ்சே சாவணுமா?"

"செத்தா நல்லதுதான்" என்றார் காதர் பாய். "எனக்கு ஒரு சோகப் பாட்டு மிச்சம் இருக்கு. யாராவது செத்தாத்தான் பாட முடியும்."

நான்கு நாள் இந்தச் சண்டை. கடைசியில் வழி சொன்னவர், அண்ணன் மனைவியாகப் புடவை கட்டி நடித்த சாமிநாதன். இரண்டு அங்கமாக அழுவதைத் தவிர தனக்கு வேலையே இல்லை என்று முதலிலிருந்தே குறையாக இருந்தவர். "நான் தொறக்கிறேனே" என்றார். "அவரு கோவிலுக்குப் போயிருக்கிற நேரமாப் பாத்துப் பலகையத் தூக்கிடுறேன்."

பக்கிரிசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பொம்பள தொறந்தா நான் என்ன பண்ண முடியும்" என்று ஒப்புக்கொண்டார்.

அனுமதி இல்லாமலேயே அதே களத்தில் நாடகம் நடந்தது. பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர், "லெட்டர் எங்க?" என்று கேட்டார். "எழுதிப் போட்டு ரெண்டு மாசமாச்சு, பதில் இல்லைங்க" என்றார் அப்பா. பதில் வராதது அனுமதி ஆகாது. எந்தச் சட்டத்திலும் ஆகாது. போலீஸ்காரர் கடைமடைக்காரர் போலிருக்கிறது. நாற்காலியை இன்னும் முன்னால் போடச் சொன்னார். சாமிநாதன் பலகையைத் தூக்கியபோது கூட்டத்தில் பெண்கள் பக்கமிருந்து எழுந்த சத்தத்தை அதற்குப் பிறகு எந்த மேடைக்கும் நான் கேட்டதில்லை.

சுற்றுவட்டத்தில் ஏழெட்டு ஊர்களில் அதே நாடகத்தைக் கூப்பிட்டுப் போட்டார்கள். திருக்கடையூர்ப் பக்கம் ஒரு ஊரில் சாமிநாதனுக்கு தாம்பூலத்தோடு புதுப் புடவையே வைத்துக்கொடுத்தார்கள். அந்த முடிவை யாராவது பாராட்டினால் அப்பாவின் முகம் சற்றே இறுகும். "நான் எழுதுனது வேற. அது ஆபீஸ்ல கெடக்கு" என்பார். சாகும் வரை அப்படித்தான் சொன்னார். வேறு நாடகம் எழுதவில்லை.

இன்று அந்தக் களத்தில் குளிர்சாதனம் வைத்த கல்யாண மண்டபம் நிற்கிறது. பங்குனி உத்திரத்துக்கு ஆர்கெஸ்ட்ரா வருகிறது. பாட்டுப் பட்டியலை யாரும் யாருக்கும் அனுப்பி அனுமதி கேட்பதில்லை. அன்று நடித்தவர்களில் யாரும் இப்போது உயிரோடு இல்லை. ஓய்வுபெற்ற பிறகு, அப்பா எழுதிய அந்த மூன்றாம் அங்கத்தையாவது மீட்டு நாடகத்தை முழுதாக அச்சிட வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். முப்பது நாளில் வர வேண்டிய பதில், மேல்முறையீட்டுக்குப் பிறகு ஐந்தாவது மாதம் வந்தது. என் துறைக்காரர்கள், வேறு எப்படி இருப்பார்கள்?

ஆனால் கோப்பு இருந்தது. முடிந்த கோப்பாயிருந்தால் எப்போதோ அழித்திருப்பார்கள். இது முடியவே இல்லை. நிலுவையில் இருக்கும் கோப்பை அழிக்க விதி கிடையாது. பெரிய உறையில் நகல் வந்தது. அம்மாவின் கையெழுத்தில் முதல் அங்கம், இரண்டாம் அங்கம். அதற்கு மேல் நாடகம் இல்லை. அலுவலகம் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தின் நகல் இருந்தது: மூன்றாம் அங்கம் இணைக்கப்படவில்லை, இணைத்து அனுப்பினால் மேல்நடவடிக்கை எடுக்கப்படும். நான் வாழ்நாளெல்லாம் திட்டிய அந்த முகமறியாத எழுத்தர், விதியில் உள்ள ஒவ்வொன்றையும் வரிசையாகச் செய்திருந்தார். பதில் போடாதவர் அப்பாதான்.

எண்பத்தேழு வயது அம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

"நாந்தானடி காப்பி எழுதுனேன். எனக்குத் தெரியாதா?" என்றார். "எழுதி எழுதிக் கிழிச்சாரு. அண்ணங்காரன் தொறந்தாப் பொய்யா இருக்கு, தொறக்கலேன்னா ஊருக்குப் புடிக்காதுன்னாரு. எழுத வரலைன்னு நாலு பேருகிட்ட சொல்ல மனசு வரல. ஆபீசு மேல போட்டா ஆபீசு என்ன வந்து சண்டையா போடப்போவுது?"

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"நீ அந்தக் கோவத்துலதானே நல்லாப் படிச்சே" என்று சொல்லிவிட்டு வெற்றிலையைத் தேடினார்.

உறையில் கடைசியாக ஒரு தாள் இருந்தது. அலுவலகக் கடிதம் பதிவுத் தபாலில் போயிருக்கிறது. அதன் ஒப்புகை அட்டையின் நகல். பெற்றுக்கொண்டவர் இடத்தில் அப்பாவின் கையெழுத்து, பக்கத்தில் எங்கள் அஞ்சலகத்தின் முத்திரை. முத்திரை அழியாமல் இருந்தது. பழைய பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பதில் வந்து சேர்ந்தது நாடகத்துக்கு இருபத்திரண்டு நாள் முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை.