அறுபது பவுண்டுக்கு எத்தனை கிலோ

வால்வும் அழுத்தமானியும் விற்கும், கணவர் நடத்திவந்த கடையில் அக்கா வந்து உட்கார்ந்தது ஆசைப்பட்டு அல்ல. பக்கவாதம் அவருடைய வலது கையையும் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. கை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. பேச்சு மட்டும் திரும்பவில்லை. பசிக்கிறதா என்றால் "ஆமா", பசிக்கவில்லையா என்றாலும் "ஆமா". அவரை வீட்டில் தனியே விடப் பயந்து, காலையில் கூடவே கூட்டிவந்து, கல்லாவுக்குப் பின்னால் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அவள் வியாபாரத்தைக் கவனித்தாள்.

முதல் வாரமே ஒரு பிளம்பர் வந்து, "ஆறு பார் இருக்கா?" என்றார்.

"எந்த ஆத்தைப் பார்க்கணும்?" என்று அக்கா நிஜமாகவே கேட்டாள்.

அவர் சிரித்த சிரிப்பு தெருக்கோடி வரை கேட்டது. அன்றுமுதல் அவள் 'ஆறு பார் அக்கா'. பார் என்பது அழுத்தத்தின் அளவு என்று அவரேதான் விளக்கிவிட்டுப் போனார். ஆனால் வருகிறவர்கள் எல்லாரும் பார் என்று கேட்டால் பரவாயில்லையே! பழைய இயந்திரம் வைத்திருப்பவர் பவுண்டு என்பார், சதுர அங்குலத்துக்கு இத்தனை என்று. இன்னொருவர் கிலோ என்பார், அது சதுர சென்டிமீட்டருக்கு. புது இயந்திரத்தின் தகட்டிலோ மெகா பாஸ்கல். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. பாரும் கிலோவும் ஏறக்குறைய ஒன்று, பவுண்டுதான் தனி ரகம் என்ற அளவுக்கு மெல்லத் தேறினாள்.

மழை பெய்த ஒரு மத்தியானம் லாண்ட்ரிக்காரர் நனைந்துகொண்டே ஓடிவந்தார்.

"அக்கா, பாய்லருக்கு சேஃப்டி வால்வு வேணும். பழசு ஒழுகுது. ஆறு கிலோவுல தெறக்கற மாதிரி குடுங்க. துணியெல்லாம் ஈரமாக் கெடக்கு."

அழுத்தம் அளவு மீறினால் தானே திறந்து நீராவியை வெளியே விடும் வால்வு அது. அக்கா ஒன்றை எடுத்துக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, பேச்சுவாக்கில் கேட்டாள்: "பாய்லர்லயே ஆறுன்னு போட்டிருக்கா?"

"அறுபது பவுண்டுக்கு மேல போகக்கூடாதுன்னு போட்டிருக்கு. பத்தால வகுத்தா ஆறு. இஸ்திரி மெஷின் மாட்ட வந்தவர் அப்படித்தானே கணக்கு சொன்னாரு."

"நாலு" என்றது ஒரு குரல்.

இருவரும் திரும்பினார்கள். நாற்காலியில் இருந்தவர் முன்னால் சாய்ந்திருந்தார்.

"நாலு. நாலு சொச்சம்."

"அண்ணன் மணி சொல்றாரு போல" என்றார் லாண்ட்ரிக்காரர் சங்கடத்துடன்.

அக்காவும் அப்படித்தான் நினைத்தாள். "வீட்டுக்குப் போகணுமாங்க?"

அவர் ஆமா சொல்லவில்லை. வேகமாகத் தலையாட்டி மறுத்து, இடது கையைக் கண்ணாடி அலமாரிப் பக்கம் நீட்டினார். உள்ளே ஒரு பெரிய அழுத்தமானி இருந்தது. அதன் வெளி வட்டத்தில் கறுப்பு எழுத்தில் பவுண்டு, உள் வட்டத்தில் சிவப்பில் கிலோ. அக்கா கறுப்பு அறுபதின்மேல் விரலை வைத்து, நேர் கீழே பார்த்தாள். சிவப்பு நாலைத் தாண்டிச் சற்றே தள்ளி.

காகிதத்தில் சுற்றிய வால்வை அவசரமாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஆறு கிலோ வால்வு எண்பத்தைந்து பவுண்டு வரை வாயே திறந்திருக்காது. ஆனால் அந்தப் பயத்தையும் தள்ளிக்கொண்டு வேறொன்று நெஞ்சில் பொங்கியது. இவர் இவ்வளவு நாளும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்!

"என்னங்க, நூறு பவுண்டு?"

"ஏழு."

"நூத்தம்பது?"

"பத்தரை."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று லாண்ட்ரிக்காரருக்குத் தெரியவில்லை. நாலு கிலோ வால்வை வாங்கிக்கொண்டு, நாற்காலியருகே போய்க் கும்பிட்டார். "என் சம்சாரம் அந்த பாய்லர் பக்கத்துலதான் நின்னு துணி மடிக்கறா. நல்ல நேரத்துல சொன்னீங்கண்ணே."

"நாங்கதான் உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கோம்" என்றாள் அக்கா.

"எனக்கெதுக்குக்கா?"

"தப்பாக் கேட்டீங்களே, அதுக்கு!"

பேச்சுப் பயிற்சி தரும் டாக்டரம்மாவும் இதைக் கேட்டு மகிழ்ந்துபோனாள். சிலருக்கு வார்த்தை போனாலும் எண் தங்கிவிடுவது உண்டாம். "அதைப் பிடிச்சுக்கிட்டே வாங்க, விட்டுடாதீங்க" என்றாள்.

பிடித்துக்கொண்டது அக்கா மட்டுமல்ல. பிளம்பர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "அண்ணே, எம்பது பவுண்டு?" என்பார். தெரிந்தேதான் கேட்பார். "அஞ்சரை சொச்சம்" என்று பதில் வரும்வரை அவசரப்படாமல் நிற்பார். வால்வே வாங்காதவர்கள்கூட ஒரு கணக்கைக் கேட்டுவிட்டுப் போனார்கள். எண்ணுக்குப் பின்னால் மெதுவாகக் 'கிலோ' வந்தது, 'பவுண்டு' வந்தது, ஒருநாள் "பெருசு எடு" வந்தது.

வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் தினமும் போனில் ஒரு கணக்குப் போடுவாள். "அப்பா, முப்பது பவுண்டு எவ்வளவு?"

"ரெண்டு சொச்சம்" என்றவர் போனை வைக்காமல் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "நீ... சாப்ட்டியா?" என்றார்.

 "சாப்ட்டேன்பா" என்றாள் மகள். இன்னும் சாப்பிடவில்லை என்று அவள் சற்று முன்புதான் அக்காவிடம் சொல்லியிருந்தாள்.

இப்போது காலை வியாபாரம் அவருடையது. வார்த்தை சில சமயம் தடம் மாறும். திருப்புளி வேண்டும்போது சுத்தியல் என்று கேட்டுவிடுவார். ஒரே அழுத்தத்துக்கு எதற்கு இத்தனை அளவு என்று யாராவது அலுத்துக்கொண்டால் அக்கா ஒத்துக்கொள்வதில்லை.

"இருந்துட்டுப் போகட்டுமே. புண்ணியமாப் போச்சு எனக்கு" என்பாள்.