மூன்றாவது கம்பி

சுவரில் ஓட்டை போடுவது சுலபம். அதற்கு வீட்டுக்காரரிடம் சம்மதம் வாங்குவதுதான் வயர்மேன் வேலை.

காஞ்சிபுரத்தில் நான் இந்தத் தொழிலுக்கு வந்தது அறுபதுகளின் கடைசியில். பழைய வீடுகளுக்கெல்லாம் கரண்ட் இழுத்தது விளக்குக்காகத்தான். கூடத்தில் ஒன்று, சமையலறையில் ஒன்று, மரச்சட்டத்துக்குள் ஓடும் இரண்டு கம்பி. அதற்குமேல் யாரும் யோசிக்கவில்லை. பிறகு ஃபேன், இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர், ஃபிரிட்ஜ் என்று ஒவ்வொன்றாக வந்து அந்த இரண்டு கம்பியின் தலையில் உட்கார்ந்தன. ஃபேனைத் தொட்டுவிட்டு விரலை உதறியவர்கள் உங்களிலும் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் மூன்றாவதாக ஒரு கம்பி இருக்கிறது. எர்த் கம்பி. சாமானின் இரும்பு உடம்பில் கரண்ட் கசிந்தால், அது உங்கள் வழியாகப் போகாமல் தன் வழியாக மண்ணுக்குள் கொண்டுபோய்விடும். விளக்கு எரிய அது வேண்டாம், ஃபேன் சுற்றவும் வேண்டாம். எந்நேரமும் சும்மா இருப்பது போலவே இருக்கும். அதனால்தான் அதை யாருக்கும் பிடிக்காது.

அறுத்த கால்

ஒரு பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் புதிதாக இஸ்திரிப் பெட்டி வாங்கினார். அதன் பிளக்குக்கு மூன்று கால். வீட்டுச் சுவரில் இருந்ததோ இரண்டு ஓட்டை. மனிதர் யோசித்தார். ரம்பத்தை எடுத்து மூன்றாவது காலை அறுத்துவிட்டார். அறுத்த துண்டை எறியவும் மனசு வராமல் காகிதத்தில் மடித்து மேஜை டிராயரில் வைத்திருந்தார். சுவிட்ச் ரிப்பேர் என்று கூப்பிட்டதால் போன எனக்கு அதை எடுத்துக் காட்டி, தன் வேலை எப்படி என்றும் கேட்டார்.

எர்த் என்றால் என்ன என்று கால் மணி நேரம் விளக்கப் பார்த்தேன். பையன்களுக்குப் பாடம் எடுத்த தொண்டை, என்னைப் பேசவிடவே இல்லை. "லைட்டுக்கு ரெண்டு போதுது, ரேடியோவுக்கு ரெண்டு போதுது, இதுக்கு மட்டும் என்ன தனி மரியாதை?" என்றார். அப்போதுதான் கவனித்தேன், இஸ்திரி மேஜைக்கு அடியில் உட்காரும் மணைப்பலகை ஒன்று கிடந்தது. ஏன் என்று கேட்டேன். அவர் மனைவி உள்ளேயிருந்து பதில் சொன்னார்: "சட்ட அவருது. ஷாக் அடிக்குதுன்னு பலகை மேல ஏறி நின்னுக்கினு தேய்க்கிறது நானு."

அசல் சரிகை

பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீடு. ரப்பர் தீயும் நாற்றம் தெருமுனையிலேயே அடித்தது. உள்ளே போனால் மரச்சட்டத்திலிருந்து புகை. மெயினை அணைத்துவிட்டுச் சட்டத்தைப் பிரித்தேன். கம்பி மேல் இருந்த ரப்பர் முழுக்க உருகி வழிந்திருந்தது. அதற்கு மூன்று முழம் தள்ளித் தறியில் பாவு ஏறியிருந்தது, நெய்வதற்கு நீளவாக்கில் இழுத்துக் கட்டிய மாம்பழ நிறப் பட்டு இழை. இன்னும் ஐந்து நிமிடம் போயிருந்தால் அந்தப் பட்டும் போயிருக்கும்.

அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் ஃபியூஸ் கம்பி உருகி அறுந்துபோக வேண்டும். அதன் பிறவியே அதற்குத்தான். புது ஹீட்டர் வந்த நாளிலிருந்து அது அறுந்துகொண்டே இருந்ததால், ஆளனுப்பி அலுத்துப்போன வீட்டுக்காரர் தானே சரி செய்திருக்கிறார். ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பார்த்தேன். உள்ளே பளபளவென்று எட்டு இழை சரிகை, அழகாக முறுக்கிக் கட்டியிருந்தது. வெள்ளி ஆயிற்றே, எட்டு இழை சேர்ந்தால் எப்படி அறும்? ஃபியூஸ் நிலைத்தது, வீடுதான் புகைந்தது. "என்ன முதலியாரே இது?" என்றேன். அவருக்கு மனசு புண்பட்டுவிட்டது. "நீ போட்ட கம்பிதான் ரெண்டு நாளைக்கு ஒருவாட்டி அறுந்துக்கினு இருந்துது. இது அசல் சரிகைப்பா, எப்படி அறும்?"

உப்பும் கரியும்

எர்த் என்றால் வெறும் கம்பி இல்லை. கொல்லையில் ஆள் இடுப்பளவு குழி தோண்டி, இரும்புக் குழாயை நிறுத்தி, சுற்றிலும் உப்பு ஒரு வரிசை கரி ஒரு வரிசை என்று போட்டு மூட வேண்டும். அந்த இடம் காயாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஜவுளி வியாபாரம் செய்யும் பாய் ஒருவர் வீட்டுக்கு அந்தத் தெருவிலேயே முதல் ஃபிரிட்ஜ் வந்தது. நான் தோண்டிய குழியையும், பக்கத்தில் இருந்த உப்பு மூட்டையையும் கரி மூட்டையையும் பார்த்துவிட்டு, பின்கட்டுக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டார்கள் பெண்கள். யாரோ செய்வினை வைக்க ஆள் அனுப்பிவிட்டதாகப் பேச்சு.

பாய் கடையிலிருந்து ஓடிவந்து எனக்காகச் சாட்சி சொன்ன பிறகுதான் கதவு திறந்தது. அவர் மனைவி குழியருகே வந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ஒன்றையும் மறுக்கவில்லை. இன்றுவரை அந்த வீட்டில் ஒருவருக்கும் சுருக்கென்றுகூட இல்லை. அன்றைக்கு அவர் கேட்டது இவ்வளவுதான்: "ஏம்பா, பொட்டிய ஜில்லுனு வெக்கறதுக்கு வாங்கிட்டு, மண்ணுக்கு தினம் ஒரு கொடம் தண்ணி நான் ஊத்தணுமா?"

பாவு இறங்கட்டும்

இதை எழுதத்தான் மற்றதையெல்லாம் எழுதினேன்.

நடராஜ முதலியார் வேறு ஆள். அவரும் அவர் மனைவி சரோஜாக்காவும் ஒரே தறியில் உட்கார்ந்து நெய்பவர்கள். அவர் புடவையின் உடலை நெய்வார், அக்கா ஓரத்தில் இருந்து கரைக்கு நூல் கொண்டு ஓடும் நாடாவைக் கொடுப்பார். குழித்தறி. இரண்டு பேர் காலும் எப்போதும் மண் குழிக்குள். வேர்வை சொட்டிப் பட்டில் கறை விழுகிறது என்று ஒரு டேபிள் ஃபேன் வாங்கினார்கள். இரும்பு ஃபேன். எர்த் இல்லாமல் வேண்டாம் என்றேன். கொல்லையில் குழி தோண்டலாம், ஆனால் கம்பியை உள்ளே கொண்டுவரத் தறிக்கு மேலே சுவரைக் குடைய வேண்டும். பழைய சுண்ணாம்புச் சுவர். தறியில் அப்போதுதான் பாவு ஏறியிருந்தது. "தூசி பட்டா பட்டு போச்சுப்பா. பாவு இறங்கட்டும், அப்பறம் ஓட்ட போடு" என்றார் முதலியார். நியாயமான பேச்சு. "சரி, இறங்கினதும் வர்றேன்" என்று சொல்லிவிட்டு, அதுவரைக்கும் என்று இரண்டு கம்பியிலேயே ஃபேனை ஓட விட்டேன். முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

ஒரு பாவு என்றால் மூன்று புடவை; இறங்க ஒன்றரை மாதம் ஆகும். அந்த ஒன்றரை மாதத்தில் நான் ஓரிக்கைப் பக்கம் பம்புசெட் வேலையில் மூழ்கிவிட்டேன். சத்தியமாக மறந்துபோனேன். ஆவணியில் ஒருநாள் நல்ல மழை. தறிக் குழியில் ஈரம் ஊறியிருந்தது. அக்கா குழிக்குள் இருந்தபடியே ஃபேனைத் தன் பக்கம் திருப்பக் கை நீட்டினார். பிடித்த கையை விட முடியவில்லை. முதலியார் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கியதால் உயிர் மிஞ்சியது. வலது கையில் இரண்டு விரல் கருகி, உள்ளே மடங்கியது மடங்கியதுதான். நாடா பிடித்த விரல்கள்.

சேதி கேட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். முதலியார் என்னை அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் தேவலை என்றும் இருந்தது. அவர் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அக்காதான் பேசினார். கோபமாகக்கூடப் பேசவில்லை. "பாவு இறங்கி நாலு நாள் தறிய காலியா வெச்சிருந்தோம்பா. நீ வருவேன்னு கொல்லையில வெறகெல்லாம் ஓரங்கட்டி, குழி தோண்டற எடத்த பெருக்கிக்கூட வெச்சிருந்தேன்."

ஒரு குடம் தண்ணீர்

மறுநாளே போனேன். தறியில் அடுத்த பாவு ஏறியிருந்தது. முதலியாரும் நானும் அதன்மேல் இரண்டு வேட்டியைக் கட்டி மூடினோம், அதற்கு மேல் நனைத்த கோணி. சுவரைக் குடைந்தேன். ஒரு பொட்டுத் தூசி பட்டில் விழவில்லை. அரை மணி நேர வேலை. இதை அன்றைக்கே செய்திருக்கலாமே என்று எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும். இரண்டு பேரும் தலை நிமிரவில்லை. கொல்லையில் அக்கா பெருக்கி வைத்திருந்த அந்த இடத்திலேயே குழி தோண்டினேன். மண்வெட்டியைப் போடவே கை வரவில்லை. அழுதுகொண்டேதான் தோண்டினேன்.

அதற்குப் பிறகு எர்த் போடாமல் நான் எந்த வீட்டிலும் ஒரு பிளக் பாயிண்ட்கூடக் கொடுத்ததில்லை. கல்யாண வீடு, அவசரம், "நீ இல்லன்னா ஊர்ல வேற ஆளா இல்ல?" எல்லாம் கேட்டாயிற்று. வேற ஆளைப் பார்த்துக்கொண்டவர்களும் உண்டு. சரோஜாக்காவுக்குத் திரும்பவும் நாடா பிடிக்க வரவில்லை. கரைப் பக்கம் முதலியாரின் தம்பி மனைவி வந்து உட்கார்ந்தார். அக்கா நாடாவுக்குள் வைக்கும் நூல் தாரை இடது கையால் சுற்றப் பழகிக்கொண்டார்.

அடுத்த சித்திரையில், வெயில் கொளுத்தும் ஒரு மத்தியானம், குழி காய்ந்திருக்குமோ என்ற பயத்தில் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். கொல்லையில் அந்த இடம் மட்டும் சொதசொத என்று நனைந்திருந்தது. அக்கா இடது இடுப்பில் குடத்தை அணைத்துக்கொண்டு சாய்த்து ஊற்றிக்கொண்டிருந்தார். மடங்கிய விரல்களால் குடத்தின் வாயைத் தாங்கலாகப் பிடித்திருந்தார். குடத்தை வாங்கக் கை நீட்டினேன். கொடுக்கவில்லை. கடைசிச் சொட்டு வரைக்கும் ஊற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "காஞ்சா வேல செய்யாதுன்னு நீதான சொன்ன? நீ மறந்தாலும் நான் மறக்க மாட்டேன், போப்பா."

இத்தனை வருஷத் தொழிலில் நான் டேப் சுற்றி மூடாமல் விட்ட ஒரே கம்பி, 'சரி, இறங்கினதும் வர்றேன்' என்று வாயால் இழுத்துவிட்டு, திரும்பிப் போய் முடிக்காத அந்த வாக்குதான்.