பாணும் உப்பும்

எனக்குச் சம்பளம் தருவது செத்துப்போன ஒரு மொழி. ரைன் நதிக்கரைப் பல்கலைக்கழகம் ஒன்றில், ஸ்லாவிய மொழிகளுக்கெல்லாம் மூதாதையான மொழிக்கு அகராதி தயாரிக்கும் குழுவில் இருக்கிறேன். அந்த மொழியை யாரும் எழுதிவைக்கவில்லை. போலிஷ், ரஷ்யன் என்று அதன் வழிவந்த மொழிகளை ஒப்பிட்டு, இப்படித்தான் சொல்லியிருப்பார்கள் என்று ஊகிப்போம். ஊகம் என்று காட்டச் சொல்லின் முன்னால் ஒரு நட்சத்திரம் போடுவோம். வாரம் முழுக்க இதுதான் வேலை. சனி, ஞாயிறில் என் வீட்டை ஈ காக்கைகூட எட்டிப் பார்க்காது.

குடியேறிய வாரத்தில் எதிர்வீட்டுப் போலந்துக்காரி கதவைத் தட்டினாள். என் வயதுதான் இருக்கும். ஒரு கையில் முழுப் பாண், வெட்டாத ரொட்டி; மறுகையில் சின்னப் பொட்டலமாக உப்பு. புதிதாகக் குடிவருபவர்களுக்குக் கொடுப்பது அவர்கள் வழக்கம். அதை நான் படித்தும் இருக்கிறேன். ஆனால் உப்பைக் கைக்குக் கை வாங்கினால் சண்டை வரும் என்று சொல்லி வளர்த்த வீடு என்னுடையது. படித்ததெல்லாம் பறந்துபோக, கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு "வேண்டாம், வேண்டாம்" என்று ஜெர்மனில் உளறினேன். மேசையில் வையுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் முகம் சுருங்கிவிட்டது. பாணையும் உப்பையும் எடுத்துக்கொண்டு திரும்பிப் போனாள். அதன்பிறகு படிக்கட்டில் ஒரு வணக்கம், அவ்வளவுதான்.

சில மாதங்கள் கழித்து, பாணுக்கான பழஞ்சொல் என் மேசைக்கு வந்தது: *ஹ்லேபு. அது ஸ்லாவியர்களின் சொந்தச் சொல் அல்ல, ஜெர்மானியர்களிடம் வாங்கியது என்பது பெரும்பாலோர் முடிவு. முழுப் பாணை ஜெர்மன்காரர் இன்றும் 'லைப்' என்கிறார்கள். அதே வேர்தான். குறிப்பு எழுதும்போதே எனக்கு வெட்கமாகிவிட்டது. சொல் தனியாக வந்திருக்காது. யாரோ ஒருத்தி பாணை நீட்டியிருப்பாள், அவள் மொழி தெரியாத இன்னொருத்தி கைநீட்டி வாங்கியிருப்பாள். இதுவும் நட்சத்திரம் போடவேண்டிய ஊகம்தான்.

அன்று மாலை அவள் கதவைத் தட்டி, வெறுங்கையை நீட்டினேன்.

"கொஞ்சம் உப்பு தருவீர்களா?"

ஒரு கணம் என்னைப் பார்த்தாள். உள்ளே போய் உப்புப் போத்தலோடு வந்து, உள்ளங்கை நிறையக் கொட்டினாள். உள்ளே வரச் சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள்.

வுப்பர்டாலில் இருக்கும் அக்காவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"உப்பைக் கையிலையே வாங்கினனீ? உனக்கென்ன விசரே? இனிச் சண்டைதான் வரும்."

"வரட்டும் அக்கா," என்றேன். "இஞ்சை சண்டை பிடிக்கக்கூட எனக்கு ஆளில்லை."