பெலார்மினோவின் பென்சில்

'அற்புதமான' என்ற சொல்லின் மேல் பெலார்மினோ பென்சிலால் ஒரு கோடு இழுக்கிறார். இரண்டு வரி தள்ளி 'காணக் கிடைக்காத' வருகிறது. அதற்கும் ஒரு கோடு. ஏலப் பட்டியலுக்கு தெல்ஃபினா எழுதித் தரும் எந்தக் குறிப்பும் அவர் மேசையைத் தாண்டும்போது இளைத்துத்தான் போகும். தெல்ஃபினா புத்தகப் பிரிவின் தலைவி, அவருக்கு மேலதிகாரி. இருந்தாலும் கோடு கோடுதான். "நான் எண்ணுறவன்மா. புகழ்றதுக்கு வேற ஆளப் பாரு" என்பார்.

லிஸ்பனின் அந்த ஏல நிலையத்தில் முப்பத்தோரு வருஷமாக அவருடைய வேலை, விற்பனைக்கு வரும் பழம் புத்தகங்களை ஏடு ஏடாக எண்ணிச் சரிபார்ப்பது. கையுறை போடமாட்டார், கை கழுவுவார். காப்பி குடித்தால் கழுவுவார், குடிக்க நினைத்தாலே கழுவுவார் என்று வாசல் காவலர் கிண்டலடிப்பதுண்டு. மதியம் உப்புமீன் வடை தின்றுவிட்டு வந்தால் அரை மணி நேரம் எட்ட நின்றுதான் புத்தகத்தைப் பார்ப்பார். எண்ணும்போது உதடு மட்டும் அசையும். அப்போது யாரும் அவரைக் கூப்பிடக் கூடாது.

போன மாதம் எவோராவிலிருந்து ஒதெத் அம்மாள் ஒரு புத்தகத்தை மேசை விரிப்பில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். போர்த்துக்கல் மன்னர் ஒருவரின் சரித்திரம். நானூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய முதல் பதிப்பு. அம்மாளின் காலஞ்சென்ற கணவர், நோட்டரி அன்செல்மோ, ஓர் ஏடு குறையாத பிரதி என்று ஊரெல்லாம் சொல்லிப் பூரித்த புத்தகம். தெல்ஃபினா அன்றைக்கே குறிப்பை எழுதிவிட்டாள். முதல் சொல்லே 'முழுமையான'.

பெலார்மினோ எண்ணத் தொடங்கினார். எண்பத்தேழாம் ஏட்டில் உதடு நின்றது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, விரலுக்குத்தான் தெரிந்தது. அச்செழுத்து தாளை அழுத்தும். தடவினால் லேசாக மேடு பள்ளம் தட்டும். இந்த ஏடு வழுவழுவென்று இருந்தது. யாரோ இரண்டு பக்கமும் அச்சைப் போலவே பேனாவால் எழுதியிருக்கிறார்கள்.

ஒதெத் அம்மாளை வரவழைத்து மெதுவாகச் சொன்னார். அம்மாள் மறுக்கவில்லை, மடியிலிருந்த கைப்பையை இறுக்கிக்கொண்டார். கல்யாணமான புதிதில், கணவர் நெஞ்சு வைத்தியத்துக்காக இரண்டு மாதம் வெளியூரில் இருந்தபோது, அந்த ஏட்டில் விழுந்திருந்த சுருக்கத்தை எடுக்கலாமென்று இஸ்திரி போட்டாராம். கருகிவிட்டது. ஊர் நூலகத்தில் இன்னொரு பிரதி இருந்தது. பரணில் கிடந்த பழங்காலப் பதிவேட்டிலிருந்து வெற்றுத் தாள்களைக் கிழித்துக்கொண்டு, தினமும் அங்கே போய் உட்கார்ந்து எழுதிப் பழகி, கணவர் திரும்பும் முன் ஒட்டி முடித்துவிட்டார்.

"அவர் போற வரைக்கும் அவருக்குத் தெரியாது சார். விலை குறைஞ்சா குறையட்டும். அவரோட சிநேகிதங்க எல்லாம் கையில பட்டியலோட ஏலத்துக்கு வருவாங்க. பொய்த்தாள வச்சுக்கிட்டு வாழ்நாளெல்லாம் பீத்திக்கிட்டான்னு சிரிப்பாங்க. செத்த மனுஷன் சார்."

"இருக்கறதத்தான்மா எழுத முடியும்" என்றார் பெலார்மினோ. பட்டியல் அச்சுக்குப் போகுமுன் வியாழக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

அன்று அவர் காப்பிக்குப் போகவில்லை. மனசு கேட்கவில்லை. அந்த ஏட்டையே திரும்பத் திரும்ப வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பயந்து பயந்து எழுதிய கைதான். ஆனால் ஓர் எழுத்துகூடச் சாயவில்லை.

வியாழக்கிழமை ஒதெத் அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பெலார்மினோ எழுதிவைத்த வரியின் கீழ் விரல் வைத்துப் படித்தார்: '87ஆம் ஏடு அச்சன்று, பேனாவால் எழுதிச் சேர்த்தது. தேர்ந்த கண்ணும் கண்டுபிடிக்க முடியாத அற்புதமான கை.' விரல் கடைசிச் சொல்லுக்கு வந்த பிறகும் அங்கேயே இருந்தது.

பின்னால் நின்று எட்டிப் பார்த்த தெல்ஃபினா, "ஒரு சொல்ல அடிக்காம விட்டுட்டீங்களே" என்றாள்.

பெலார்மினோ அந்த வரியை இன்னொரு தரம் படித்தார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கை கழுவப் போனார்.