ஆயிடுச்சா?

எங்க சலவைக் கடைக்கு வர்றவங்க எல்லாரும் கேக்குறது ஒரே கேள்விதான்: "ஆயிடுச்சா?" கோட்டு ஆயிடுச்சா, போர்வை ஆயிடுச்சா. இஸ்திரி மேசைகிட்ட நிக்கிறவ தலையைத் தூக்காமலே "ஆயிடுச்சு"ம்பா, இல்லன்னா "இன்னும் ஆகலை"ம்பா. அவளுக்கு நீராவின்னு பேர் வெச்சது நான்தான். நாள் பூரா ஆவிக்குள்ள நிக்கிறவளை வேற என்னன்னு கூப்பிடுறது?

கடைக்கு வெளியிலயும் அவளுக்கு அதே கேள்விதான். பஸ்ல பக்கத்துல உக்காந்தவ கூட ஏற இறங்கப் பார்த்துட்டு "ஆயிடுச்சா?"ன்னு கேப்பா. நாற்பதைத் தொடப் போறவ, "இன்னும் ஆகலை"ன்னு சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிடுவா. அந்த "இன்னும்" எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

"ஏன்டி, எனக்கு வேணாம்னு நேரா சொல்லித் தொலையேன்"ம்பேன்.

"சொன்னா ஏன்னு கேப்பாங்கக்கா. இன்னும்னா விட்டுடுவாங்க."

அப்பா நோயில படுத்தாரு, அம்மா படுத்தாங்க, அதான் இவ வாழ்க்கை போச்சுன்னு ஊர் ஒரு காரணம் வெச்சிருக்கு. அவ என்கிட்ட சொன்ன காரணம் வேற. "எனக்கு அந்த ஆசையே வரலக்கா. பசிக்காதவளை ஏன்டி சாப்பிடலைன்னு திட்டிக்கிட்டே இருந்தா எப்படி?" அவ்வளவுதான் விஷயம். ஊருக்கு அது போதாது.

போன வருஷம் அம்மாவும் போயிட்டாங்க. மாடியில ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு, ஒரு சாவி. விளக்கை எப்ப அணைக்கிறதுன்னு வாழ்க்கையில முதல் தடவையா அவளே முடிவு பண்ணினா. அதைச் சொல்லும்போது முகத்துல ஒரு தெளிவு வந்துச்சு பாருங்க, அதுக்கு முன்னாடி நான் அதைப் பார்த்ததே இல்ல. அதுக்கும் வேட்டு வெச்சாங்க கீழ இருக்கிற வீட்டுக்காரம்மா. "துணையில்லாத பொண்ணுக்கு வீடு விடுறதில்ல. மாசக் கடைசிக்குள்ள கல்யாணத்தைப் பண்ணு, இல்லன்னா தம்பி வீட்டுக்குப் போயிடு."

தம்பி வீட்டுல அவளுக்கு இடம் ஹால்ல, டிவிக்குக் கீழ. அவனே ஒரு வரனும் பிடிச்சு வெச்சிருந்தான், பொண்டாட்டியை இழந்தவர், ரெண்டு பிள்ளைங்க. "கழுத்தை நீட்டிடு அக்கா, எங்களுக்கும் பாரம் குறையும்"னானாம். இவன் எந்தப் பாரத்தைத் தூக்கினான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல. விஷயத்தை வீட்டுக்காரம்மா காதுலயும் போட்டு வெச்சிருந்தான். இவ ஞாயித்துக்கிழமை கடை வேலை முடிஞ்சதும் போயி, அந்த மனுஷன்கிட்ட மரியாதையா முடியாதுன்னு சொல்லிட்டு வந்தா.

மறுநாள் கடைக்கு போன் வந்துச்சு, நீராவிதான் எடுத்தா. வீட்டுக்காரம்மா. அவங்க ஜன்னல் திரையெல்லாம் எங்ககிட்டதான் சலவைக்குக் கிடந்துச்சு.

"என்னம்மா, ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சும்மா. நேத்தே ஆயிடுச்சு."

"அட, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"கொஞ்சம் வேலை. மறந்துட்டேம்மா."

"இதைப் போயி மறப்பாங்களா? சரி, சாயங்காலம் வரும்போது கையோட..." பக்கத்துல ஆவி சீறிச்சு, மிச்சம் அவ காதுல விழல. "சரிம்மா"ன்னு வெச்சுட்டா.

சாயங்காலம் திரை மூட்டை ரெண்டு. ஒண்ணை நான் தூக்கிட்டுப் போனேன். வாசப்படியில எதிர்வீட்டம்மா வழிமறிச்சு இவ கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "இப்பதான் கேள்விப்பட்டேன். ரொம்ப சந்தோஷம்மா." இத்தனை வருஷத்துல இவளைப் பார்த்து ஒரு தடவை கூட தலையாட்டினது கிடையாது அந்தம்மா.

உள்ள போனா, வீட்டுக்காரம்மா எங்க முதுகுக்குப் பின்னால எட்டிப் பார்த்தாங்க. "அவர் எங்க?"

"எவரும்மா?"

எனக்கு அப்பதான் உறைச்சுது. "கப்பல்ல இருக்காருன்னு சொல்லிடுடி"ன்னு அவ காதுல முணுமுணுத்தேன். ஒரே ஒரு பொய் சொன்னா, அந்தச் சாவி அவளுக்கே. அவ கையில இருந்த சாவியைப் பார்த்தா. அப்புறம் மூட்டையைக் கீழ வெச்சா.

"ஆனது உங்க ஜன்னல் திரைதாம்மா. எனக்கு ஒண்ணும் ஆகலை. ஆகவும் போறதில்ல."

'இன்னும்'ங்கிற வார்த்தை அதுல இல்ல. போச்சுடா வீடுன்னு நினைச்சேன்.

அந்தம்மா நாற்காலியில உக்காந்துட்டாங்க. "அடிப்பாவி, நான் தெரு பூரா சொல்லிட்டேனே. நாளைக்குக் கல்யாணமே இல்லன்னு தெரிஞ்சா என் முகத்தை எங்க கொண்டு போயி வெச்சுக்குவேன்? ஊர் வாயை மூட உலைமூடி இருக்கா?" பிறகு என்னைப் பார்த்து, "நீ என்னமோ கப்பல்னியே?"

அப்படித்தாங்க அவளுக்குக் கல்யாணம் ஆச்சு. உண்மையைச் சொன்னது இவ. பொய்யைச் சுமக்கிறது வீட்டுக்காரம்மா. வீடு தங்கிச்சு, விளக்கும் அவ கையில. தெருவுல மரியாதை வேற. ரெண்டு வாரம் நிம்மதியாத் தூங்கினேன்னு சொன்னா. இனிமே யாரும் எதையும் கேக்க மாட்டாங்கன்னு நானும்தான் நம்பினேன்.

நேத்து எதிர்வீட்டம்மா கடைக்கு வந்தாங்க. துணியே கொண்டு வரல. இஸ்திரி மேசை வரைக்கும் நேரா போயி, குரலைத் தாழ்த்தி, இவ வயித்தைப் பார்த்துக்கிட்டே, "ஏதாவது விசேஷம் உண்டா?"ன்னாங்க.

நீராவி தலையைத் தூக்கல.

"இன்னும் இல்லைங்க"ன்னா.