பதில் ஆள் என்றொரு கட்டம்

ஒரகடம் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் கல்லூரியில், இறுதியாண்டுப் பிள்ளைகளுக்கு நான் எடுப்பது மேம்பட்ட டேட்டாபேஸ் உருவாக்கம். பாடத்தின் பெயரைக் கேட்டாலே பாதிப் பேருக்குக் கொட்டாவி வரும். முதல் வகுப்பில் மேசையைத் தட்டித் தட்டி நான் சொல்வது ஒன்றுதான். "வெளியில என்ன நடக்குதோ அதுக்கு டேட்டாபேஸ் டேபிள்ல ஓர் இடம் இருக்கணும். இடம் குடுக்கலன்னா ஜனங்க பொய்யை எழுதுவாங்க. உள்ளதை உள்ளபடி எழுத வழி பண்ணுங்க." என்னமோ வேதவாக்கு மாதிரி சொல்வேன்.

போன வருடம் நிர்வாகத்துக்கு வேண்டப்பட்ட ஒருவர் 'லைவ் புராஜெக்ட்' ஒன்றைக் கொண்டுவந்தார். தொழிற்சாலைகளுக்குக் கான்ட்ராக்டில் பெண்களை அனுப்பும் ஏஜென்சிக்காரர். சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். அப்படிப் பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. கம்பெனி கேட்டில் கார்டோடு முகத்தையும் பார்த்து வருகை போடும் மெஷின் புதிதாக வைத்திருந்தார்கள். கார்டு ஒருத்தியுடையது, முகம் இன்னொருத்தியுடையது என்று வந்து தினமும் காலையில் மெஷின் நின்றுவிடுகிறதாம். பின்னால் பஸ்கள் வரிசை கட்டுகின்றனவாம். கேட்டு நிற்காமல் ஓட வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

"மேட்ச் ஆகலன்னா உள்ள விடாதன்னு எழுதிடலாம் மேம்" என்றார்கள் பையன்கள். வாலாஜாபாத் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் ஒரு பெண் மட்டும், "அது மெஷின் தப்பு இல்ல மேம். எங்கம்மா அங்கதான் வேலை செய்றாங்க" என்றாள். மீதியை வகுப்பு முடிந்தபின் ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று சொன்னாள்.

அந்தப் பெண்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. ஒருத்திக்கு உடம்பு முடியாத நாளில், ஷிப்டு இல்லாத இன்னொருத்தி அவள் கார்டை மாட்டிக்கொண்டு போய் லைனில் நிற்பாள். பிறகு இவளுக்கு அவள். ஆள் குறையாமல் இருந்தால் சூப்பர்வைசர் கண்டும் காணாமல் இருந்துவிடுவார். லீவு அதிகமானால் ஏஜென்சி கழற்றிவிடும் என்பதால் வந்த வழக்கம் அது. என் மாணவியின் அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. உதிரம் கொட்டும் நாட்களில் நிற்கவே முடியாது. வேலையோடு வரும் மருத்துவக் காப்பீட்டில் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருந்தார்கள். அதுவரை வேலை கையில் இருந்தாக வேண்டும். புது மெஷின் வந்ததிலிருந்து அந்த நாட்களிலும் அம்மா போய் நிற்கிறாளாம்.

டேபிளில் என் மாணவி ஒரு புதுக் கட்டம் சேர்த்தாள். 'பதில் ஆள்' என்று அதற்குப் பெயர். கார்டும் முகமும் பொருந்தாவிட்டால் மெஷின் நிற்காது. யாருக்குப் பதிலாக யார் வந்தார் என்று அந்தக் கட்டத்தில் பதிந்துகொண்டு கதவைத் திறந்துவிடும். கார்டுக்காரிக்கு வருகை விழும்.

"மறைச்சுச் செய்றதாலதான மேம் தப்பாத் தெரியுது? பதிஞ்சிட்டா அதுவும் ஒரு முறை ஆயிடுது இல்ல?" என்றாள்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. என் பாடத்தை இவ்வளவு சரியாக யாரும் வாங்கிக்கொண்டதில்லை. ஏஜென்சிக்காரரும் பார்த்துவிட்டு, "சூப்பர்மா, போட்டுடு" என்றார்.

கேட்டு நிற்கவில்லை. முதலில் பயந்த பெண்களுக்கு பஸ்ஸில் தைரியம் சொன்னது அவள் அம்மாதானாம். "எம்பொண்ணு பண்ணிக்கீறா. இனிமே திருட்டுத்தனம் வாணாம்" என்றிருக்கிறார். அதன்பிறகு எல்லோரும் வெளிப்படையாகவே மாற்றிக்கொண்டார்கள். அம்மாவும் முடியாத நாட்களில் வீட்டில் படுத்துக்கொண்டார்.

ஒரு திங்கட்கிழமை காலை, அந்த பஸ்ஸில் வந்த முக்கால்வாசிப் பேருக்குக் கேட்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஏஜென்சிக்காரர் பெரிதாக எதுவும் செய்யவில்லை. பதில் ஆள் கட்டம் நிரம்பியிருக்கும் பெயர்களை எல்லாம் எடு என்று யாரையோ விட்டு டேட்டாபேஸுக்கு ஒரு வரிக் கட்டளை எழுத வைத்திருக்கிறார். கார்டு கொடுத்தவள், மாட்டிக்கொண்டு வந்தவள் இருவருமே மாட்டினார்கள், வேலை போயிற்று. முதல் பருவத்துப் பிள்ளைகூட எழுதிவிடக்கூடிய வரி அது.

அவருக்குப் போன் செய்தேன். "உங்க ஸ்டூடண்டுக்குக் கோயிலே கட்லாம் மேடம். இத்தினி நாளா எனக்கே தெரியாம நடந்துகினு இருந்துது" என்று சிரித்தார். கத்தினேன். வைத்துவிட்டார். துறைத்தலைவரிடம் போனேன். "வேலில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்காதீங்க. அடுத்த வருஷமும் அவர் புராஜெக்ட் தர்றேன்னு இருக்காரு" என்றார். அவர் மேசைக் கண்ணாடியை உடைக்க வேண்டும் போலிருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன்.

அடுத்த வாரம் அந்த அம்மா என்னைப் பார்க்கக் கல்லூரிக்கு வந்தார். முகம் வெளுத்துக் கிடந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை. கறை படிந்துவிடுமோ என்ற பயம் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

"ஆபரேசன் இனிமே இல்லன்ட்டாங்க மேடம். அத்த வுடுங்க. கூட வேலை செஞ்ச பொம்பளைங்க வூட்டாண்ட வந்து மண்ண வாரித் தூத்திட்டுப் போறாங்க. எம்பொண்ணு ஒண்ணும் பொய்யா எழுதலியே?"

"இல்லம்மா. உள்ளதைத்தான் எழுதினா."

"அத்த நீங்க ஒருதபா அவகிட்ட சொல்லுங்க. சோறு துண்ண மாட்றா."

சொன்னேன். வருகைப்பதிவுக்குத் தலையாட்டுவதுபோல அவள் தலையாட்டினாள்.

பருவ முடிவில் வாய்மொழித் தேர்வு வந்தது. வெளிக் கல்லூரியிலிருந்து வந்த தேர்வாளர் அவள் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது புத்தகத்துல இருந்து எடுத்ததில்ல. நேர்ல பாத்து எழுதினது" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவளிடம் கேட்டார்.

"இப்ப யூஸ்ல இருக்காம்மா?"

"இருக்கு சார்."

"மேட்ச் ஆகாத கேஸ் இப்பவும் வருதா?"

அவள் என் பக்கம் திரும்பவில்லை. "முன்னாடி தினமும் வரும் சார். இப்ப யாரும் மாத்திக்கிறதில்ல. அந்தக் கட்டம் காலியாதான் இருக்கு."

"வெரி குட்" என்று முழு மதிப்பெண் போட்டு, தாளை என் பக்கம் தள்ளினார். அவர் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்தும் வேண்டும். போட்டேன்.