சாட்சிக்குப் பின் ஐந்து நாள்

எனக்கும் கணவருக்கும் எச்.ஐ.வி. உண்டு. மாத்திரையை விடாமல் போட்டால் பால் கொடுக்கலாம் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். எங்கள் குழந்தைக்கு ஐந்து மாதம் நடக்கும்போது ரத்தப் பரிசோதனையில் இருவருக்குமே ‘வைரஸ் தென்படவில்லை’ என்று வந்தது.

அந்த ஞாயிறே அவர் ஆண்டர்சன்பேட்டை சபை ஆராதனையில், ஆண்டவர் செய்த நன்மையை எல்லார் முன்னும் சாட்சியாகச் சொல்ல எழுந்துவிட்டார். சாட்சியில் நோயின் பெயரைச் சொல்லாவிட்டால் யாரும் கேட்பதில்லை. “எங்க ரத்தத்தை ஆண்டவர் சுத்தமாக்கிட்டார்” என்றார். கைதட்டினார்கள்.

சுகமானதாகச் சாட்சி சொன்ன வீட்டில் பிறகு மாத்திரை இருந்தால் அவிசுவாசம். “ரிப்போர்ட்டே இல்லன்னு சொல்லுது. நீ இன்னாத்துக்கு இன்னும் முழுங்கினு கீற?” என்று டப்பாக்களைப் பீரோவின் மேல் வைத்துவிட்டார். நாற்காலி போட்டால் எட்டும் உயரம்தான். நான் போடவில்லை. எனக்குத்தான் விசுவாசம் குறைவோ என்று குழம்பியபடி ஐந்து நாள் மாத்திரை இல்லாமலே பால் கொடுத்தேன். என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஆறாம் நாள் மருத்துவமனைக்கு ஓடினேன். ஆலோசகர் அக்கா கத்தினார்.

“தென்படலன்னா செத்துப்போச்சுன்னு யாரும்மா சொன்னது? நம்ம ஊரு மைன்ஸை மூடிட்டா அடியில தங்கம் தீந்துபோச்சா?”

பிறகு தாளில் வரைந்து காட்டினார். வைரஸ் வெள்ளணுவுக்குள் புகுந்து, தன் மரபுக் குறிப்பை டி.என்.ஏ.வாக மாற்றி, அணுவின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே செருகிவிடுகிறது. அதன்பின் அந்த அணுவே புதுப்புது வைரஸ்களைச் செய்து தள்ளும். மாத்திரை இந்தப் பெருக்கத்தைத் தடுக்கிறது; அதனால்தான் ரத்தத்தில் தென்படவில்லை. ஆனால் செருகியதைச் சுமந்துகொண்டு சில அணுக்கள் சும்மா கிடக்கும். மாத்திரை அவற்றை ஒன்றும் செய்யாது. மாத்திரை நின்று, அவற்றில் ஒன்று விழித்தாலும் போதும், எல்லாம் மறுபடி தொடங்கும். பாலிலும் வரும்.

இதே பாடத்தைக் கல்லூரியில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான்!

குழந்தையின் குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்க வேண்டும் என்றார்கள். பின்னாலேயே வந்திருந்த கணவர் வராந்தாவில் கண்ணை மூடி நின்றார்.

“உள்ள வாங்க. காலைப் பிடிங்க” என்றேன்.

“நீயே பிடியேன். என்னால பாக்க முடியாது.”

“ஐந்நூறு பேர் எதிர்ல நின்னு பேச முடிஞ்சுது இல்ல? வாங்க.”

வந்து பிடித்தார். குழந்தை வீறிட்டதும் முகத்தைத் திருப்பினார். நர்ஸ் பார்க்கிறாரே என்றுகூட நினைக்காமல் அவர் தாடையைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பினேன்.

அன்றே மாத்திரையைத் தொடங்கிவிட்டேன். குழந்தையின் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை.